தொட்டு உடைஞ்சா யாரு காசு

ஏழாம் வகுப்பு, நாற்பத்து மூன்று பேர்.
வள்ளியூரிலிருந்து கொக்கிரகுளம் போய்வர
பஸ்காரர் கேட்பது ஒன்பதாயிரம்,
சுங்கச்சாவடி தனி.
தலைக்கு இருநூற்றிருபது என்று
வருகைப் பதிவேட்டின் கடைசித் தாளில்
பென்சிலால் எழுதி, அழித்து,
நூற்றைம்பது என்று திருத்தினேன்.
மிச்சத்தை என் பெயரில் போட்டுக்கொண்டேன்,
தலைமையாசிரியர் கண்ணாடி போட்டாலும்
வாசிக்க முடியாத எழுத்தில்.

ஒப்புதல் சீட்டுகள் வரத் தொடங்கின.
ஒன்றில் பீடி இலைத் துணுக்கு ஒட்டியிருந்தது.
ஒன்றில் அப்பாவின் கையெழுத்தும்
பையனின் கையெழுத்தும்
ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன;
நான் கவனிக்கவில்லை.
இசக்கிராஜா சீட்டே தரவில்லை.
"அங்க என்ன டீச்சர் இருக்கு?"
"காற்றாலை மாதிரி ஒன்று இருக்கிறது. நீயே சுற்றிவிடலாம்."
சன்னலுக்கு வெளியே கையைக் காட்டினான்.
பதினேழு காற்றாலைகள்
அவனைக் கேட்காமல் சுற்றிக்கொண்டிருந்தன.

பேச்சித்தாயின் அப்பா நேரிலேயே வந்தார்,
வாழைக்கறைச் சட்டையோடு,
வாசலுக்கு வெளியிலேயே நின்றார்.
"எல்லாத்தையும் தொட்டுப் பாக்கலாம்னு சொல்லுதா.
தொட்டு உடைஞ்சா யாரு காசு, டீச்சர்?"
உடையாது என்று சொல்லிவிட்டேன்.
எனக்கு யாரும் அப்படிச் சொல்லியிருக்கவில்லை.

அதனால் சனிக்கிழமை தனியாகப் போனேன்.
பொட்டலம் பிரிக்க நிழல் எங்கே,
பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை எத்தனை,
குழாயில் தண்ணீர் வருகிறதா,
ஆறு எவ்வளவு பக்கம்.
(சொரிமுத்துவை வைத்துப் பார்த்தால்
மிகவும் பக்கம்.)

உள்ளே ஒரு சுழல் நாற்காலி.
கையில் பிடிக்க ஒரு சைக்கிள் சக்கரம்.
பிள்ளைகள் உட்கார்ந்தால் கால் எட்டுமா என்று பார்க்கத்தான்
உட்கார்ந்தேன்.
சக்கரத்தை ஓடவிட்டு
லேசாகச் சாய்த்தேன்.
நாற்காலி என்னைக் கேட்காமல் திரும்பியது.
கல்லூரி இரண்டாம் வருடம்
எட்டு மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டு வந்ததை
என் இடுப்பு
அப்போதுதான் படித்தது.
மறுபக்கம் சாய்த்தேன். மறுபடியும்.
முந்தானை ஆரக்காலில் சிக்கப் பார்த்தது:
தாவணி, துப்பட்டா முடிந்துகொள்ளச் சொல்ல வேண்டும்
என்று குறித்துக்கொண்டேன்,
தலை சுற்றலில் எழுத்து கோணி.

"பிள்ளைய எங்க டீச்சர்?" காவலர் கேட்டார்.
"அடுத்த வாரம்."
"எல்லா டீச்சர்மாரும் அப்பிடித்தான் சொல்லுதாவ."
பக்கத்தில் ஏதோ ஒன்றின் கழுத்தில்
'பழுது' என்ற அட்டை தொங்கியது.
இது உடைந்தால் என்ன செய்வீர்கள் என்றேன்.
சட்டைப்பையிலிருந்து
ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் காட்டிவிட்டு
டீ குடிக்கப் போய்விட்டார்.

எங்கள் பள்ளி அலமாரியில் ஒரு முப்பட்டகம் இருக்கிறது.
வாங்கிய நாளின் பஞ்சுக்குள் அப்படியே.
கண்ணாடிக் கதவில் 'தொடாதே' என்று
சிவப்பு மையில், இரண்டு அடிக்கோட்டோடு.
என் கையெழுத்துதான்.
திங்கட்கிழமை அதன் முன்னால்
கொஞ்ச நேரம் நின்றேன்.
இருப்புப் பதிவேடு நினைவுக்கு வந்தது.
மணி அடித்தது, போய்விட்டேன்.

எலுமிச்சை பத்து. பிளாஸ்டிக் பை இருபது.
ஜெபக்கனிக்கு சன்னல் ஓரம்.
சொரிமுத்து என் பக்கத்தில், போகவும் வரவும்.
புளியோதரை வேண்டாம், வெயிலுக்கு எலுமிச்சைச் சோறு.
இசக்கிராஜா இன்றும் தரவில்லை;
அவனையும் சேர்த்தே எண்ணுகிறேன்.

நேற்று பேச்சித்தாய் சீட்டைக் கொண்டுவந்தாள்.
நூற்றைம்பது சரியாக இருந்தது.
அப்புறம் இன்னொரு கையைத் திறந்தாள்.
நாலாக மடித்த ஐம்பது ரூபாய்,
வியர்த்துப் போயிருந்தது.
"இது தனி டீச்சர்.
ஒடைச்சா குடுக்கச் சொன்னாவ."

கணக்கில் அதற்குப் பத்தி இல்லை.
ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்து
'உடைப்பு' என்று தலைப்பிட்டு
ஐம்பதை எழுதினேன்.
கீழே நிறைய இடம் விட்டேன்.

பஸ் காலை ஆறரைக்கு.